கல்லை விற்பதா, விட்டுவைப்பதா? ஒரு மலையடிவார ஊருக்கு நாடுகள் காட்டும் கணக்கு

குடியாத்தத்துக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கிறது என் மைத்துனரின் ஊர். ஊருக்குத் தெற்கே ஒரு பாறைக் குன்று. கிழக்குச் சரிவு நாலைந்து பேருடைய பட்டா. மேற்குச் சரிவு புறம்போக்கு. பட்டாக்காரர்களிடம் கல் குவாரிக்காகப் பேச்சு நடக்கிறது. கைமேல் முன்பணம், கோவில் திருப்பணிக்கு ஒரு தொகை, கல் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணத்தில் ஊராட்சிக்குப் பங்கு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்று தரகர்கள் அடுக்குகிறார்கள். அடுத்த கிராம சபையில் இது பெரிய விவகாரமாகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். "மாமா, நீங்கள் நாலு தேசத்துக் கதை படிக்கிறவர். எது தேவலை என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்" என்று மைத்துனர் மகன் கேட்டான்.

ஒரு குன்றுக்காக நார்வேயையும் நவ்ருவையும் சாட்சிக்கு இழுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் இழுக்கிறேன். மண்ணுக்கடியில் இருப்பதை எடுத்து விற்றால் என்ன ஆகும் என்பது ஓர் ஊருக்கு விளங்க இரண்டு தலைமுறை பிடிக்கும். சில நாடுகள் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டன. அதைப் பார்க்காமல் நாமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஊர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். வெட்டி விற்று, வந்த பணத்தைச் செலவழிப்பது. வெட்டி விற்று, பணத்தைச் சேமிப்பது. கல்லை உள்ளூரிலேயே அறுத்து மெருகேற்றி, கூடுதல் விலைக்கு விற்பது. குன்றில் கை வைக்காமல் விடுவது. நான்கையும் யாராவது ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அவற்றில் இரண்டு நம் மாவட்டத்தின் வாசலிலேயே நடந்திருக்கின்றன.

வெட்டி, விற்று, செலவழி

பசிபிக் கடலில் நவ்ரு என்றொரு தீவு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். தீவின் நடுமேடு முழுக்கப் பாஸ்பேட், அதாவது உரம் செய்ய உதவும் கனிமம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டார் தோண்ட ஆரம்பித்தார்கள். 1968இல் விடுதலை கிடைத்தது; 1970இல் சுரங்கமும் நவ்ரு மக்கள் கைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டால் உலகின் மிகப் பணக்கார மக்களில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு உயர்ந்தார்கள். வருமான வரி கிடையாது. மருத்துவமும் கல்வியும் இலவசம். 1977இல் மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். 1993இல் லண்டனில் லியோனார்டோ டாவின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கு இந்தத் தீவின் பணம் போனது. சில வாரங்களிலேயே அது மேடையை விட்டு இறங்கியது.

பாஸ்பேட் தீர்ந்தபோது தீவின் முக்கால் பங்குக்கு மேல் கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்களாக நின்றது. அதில் விவசாயமும் செய்ய முடியாது, வீடும் கட்ட முடியாது. 52 மாடிக் கட்டடம் 2004இல் கடனுக்காக விற்கப்பட்டது. அதற்கு முன்பே, 2001இல், தஞ்சம் கேட்டு வருவோரை ஆஸ்திரேலியா அனுப்பி அடைத்துவைக்கும் முகாமுக்கு இடம் கொடுத்து வருமானம் தேடும் நிலைக்கு நவ்ரு வந்திருந்தது.

இதைக் கேட்டால் எல்லோரும் "ஊதாரித்தனம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். முழுக்க அப்படியில்லை. நவ்ருவிலும் அறக்கட்டளை இருந்தது, முதலீடு இருந்தது. சிக்கியது வேறு இடத்தில். வரி வாங்காத அரசு, எல்லாம் இலவசம், எல்லாவற்றுக்கும் இறக்குமதி என்று அன்றாடச் செலவு முழுவதையும் ஒரே கனிமத்தின் மேல் கட்டிவைத்தார்கள். கனிமம் ஒருநாள் நின்றுவிடும்; செலவு அவ்வளவு எளிதில் நிற்காது. வெனிசுவேலா இதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதியது. உலகிலேயே மிக அதிகமான எண்ணெய் இருப்பு, ஏறத்தாழ 30,000 கோடி பீப்பாய், அந்த நாட்டில்தான். 2014இல் எண்ணெய் விலை சரிந்ததும், ஏற்கெனவே சீரழிந்திருந்த நிர்வாகம் அந்த அடியைத் தாங்கவில்லை. 70 லட்சத்துக்கும் மேலானவர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு 1960இல் உருவாகக் காரணமாக இருந்தவர் வெனிசுவேலா அமைச்சர் பெரெஸ் அல்போன்சோ. எண்ணெயைப் 'பிசாசின் மலம்' என்று திட்டியவரும் அவரேதான். பழைய ஸ்பெயினும் விலக்கில்லை. தென் அமெரிக்காவில் அது பிடித்துவைத்திருந்த பொட்டோசியில் 1545இல் வெள்ளிமலை கிடைத்தது. அதே நூற்றாண்டுக்குள் 1557, 1575, 1596 என்று பல முறை அந்த அரசு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், வேண்டாம். குடியாத்தத்தில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை. அங்கிருந்து கிளைப் பாதையில் மாரிக்குப்பம். கோலார் தங்கவயல். 1880 வாக்கில் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அங்கே இறங்கியபோது சுரங்கத்துக்குள் போக ஆள் கொடுத்தது வட ஆர்க்காடுதான். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் நொந்துபோன குடும்பங்கள், அதிலும் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்கள், கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இன்றும் வேலூர், ஆம்பூர் பக்கத்தில் "எங்கள் தாத்தா தங்கவயலில் இருந்தார்" என்று சொல்லும் வீடுகளுக்குக் குறைவில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்துவிட்டது. அப்போது சென்னையிலேயே பல தெருக்களில் எண்ணெய் விளக்குதான். சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. மொத்தம் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

அந்தத் தங்கம் எங்கே போனது என்று கேட்டால் லண்டன் என்றும் தில்லி என்றும் பதில் வரும். அங்கே மிச்சமிருப்பது சயனைடு மேடு என்று ஊரார் சொல்லும் சாம்பல் நிறக் கழிவு மலைகள், நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்த முதியவர்கள், விடிவதற்கு முன்பே பெங்களூருக்கு ரயிலேறும் பேரப்பிள்ளைகள். 1964இல் வந்த மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை ஒன்றுதான் சுரங்கத்துக்குப் பிறகும் நின்றது. தங்கத்தை எடுத்தவர்களின் கைக்கு வந்தது கூலி மட்டும். முதல் வேறு எங்கோ போய்விட்டது. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. அது பாலாற்றின் மேல் கட்டிய ஏரி. நம் ஆற்றின் தலைத்தண்ணீர் அந்தச் சுரங்கத்தையும் நடத்தியிருக்கிறது. இந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆக, முதல் வழியை ஒரு நாளுக்காவது தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு என் பதில்: வரும் பணத்தை வைத்து ஊராட்சி எந்த மாதாந்தரச் செலவையும் தொடங்கக் கூடாது. தெருவிளக்குக் கட்டணமோ, கூடுதல் துப்புரவுப் பணியாளர் சம்பளமோ, திருவிழாவோ எதுவும் கல்லை நம்பி ஓடக் கூடாது.

வெட்டி, விற்று, சேமி

இதற்கு எல்லோரும் கை காட்டுவது நார்வேயை. 1969இன் கடைசியில் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தது. அப்போது அங்கே எண்ணெய்த் தொழில் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஃபாரூக் அல் காசிம் என்ற ஈராக் நாட்டு நிலவியலாளர், மகனின் மருத்துவத்துக்காக மனைவியின் நாடான நார்வேக்கு 1968இல் வந்தவர், வேலை ஏதாவது கிடைக்குமா என்று அமைச்சக வாசலில் போய் நின்றார். எண்ணெயைக் கையாளும் நிர்வாகத்தை அமைத்ததில் பெரும் பங்கு அவருடையது. திறமையாக விதி எழுதும் ஒரே ஓர் ஆள் ஒரு நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சேமிப்பு நிதிக்கான சட்டம் 1990இல் வந்தது. முதல் பணம் உள்ளே போனது 1996இல். 2001இல் ஒரு செலவு விதி வைத்தார்கள்: நிதி நீண்ட காலத்தில் ஈட்டும் என்று எதிர்பார்க்கும் ஆதாயம், அதாவது ஆண்டுக்கு 4 சதவீதம் வரைதான் பட்ஜெட்டுக்குள் எடுக்கலாம். 2017இல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலைத் தொடுவதில்லை. பணத்தை உள்நாட்டில் கொட்டாமல் வெளிநாடுகளில் முதலீடு செய்தார்கள். அது பலருக்கு விநோதமாகத் தெரியும். காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கன் எரிவாயு வயல் கிடைத்த பிறகு அந்நியப் பணம் வெள்ளமாக வந்து உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறியது; மற்ற தொழிற்சாலைகளின் சரக்கு வெளிச்சந்தையில் விலைபோகவில்லை. 1977இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழ் இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர் வைத்தது. நார்வேக்காரர்கள் பக்கத்து வீட்டு நோயைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே பத்தியம் இருந்தார்கள்.

"அது பணக்கார வெள்ளைக்கார நாடு, நமக்கு எப்படி ஒத்துவரும்?" என்று கிராம சபையில் யாராவது எழுந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. நார்வே எண்ணெய் கண்டபோதே அங்கே பள்ளி, நீதிமன்றம், கப்பல் தொழில், கணக்குக் கேட்கும் பத்திரிகை எல்லாம் இருந்தன. ஆனால் ஏழை நாடு செய்ததே இல்லை என்று சொல்ல முடியாது. நவ்ருவின் அண்டைத் தீவு பனாபா. அங்கும் பாஸ்பேட்தான். அதிலிருந்து வந்த பணத்தில் 1956இல் ஒரு சேமிப்பு நிதி தொடங்கினார்கள். 1979இல் பாஸ்பேட் தீர்ந்தது; அதே ஆண்டு, பனாபாவையும் உள்ளடக்கிய கிரிபாட்டி நாடு விடுதலை பெற்றது. அந்த நிதி இன்றும் கிரிபாட்டி அரசின் செலவில் தோள் கொடுக்கிறது. கடலும் கனிமமும் காலமும் இரண்டு தீவுகளுக்கும் ஒன்றே. பனாபா மக்களே தங்கள் தீவை விட்டு ஃபிஜி பக்கம் குடியேற்றப்பட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்த உதாரணம் பொய்யாகிவிடும்.

நம் நாட்டிலும் சட்டத்தின் கண் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கோவாவில் இரும்புத் தாது எடுப்பவர்கள் விற்பனை விலையில் 10 சதவீதத்தை ஒரு நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2015இல் திருத்திய கனிமச் சட்டப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு முன்னுரிமை என்று விதி சொல்கிறது. மாவட்ட அளவில் பணம் இருக்கலாம். அது நம் ஊர்க் குழாய் வரை வருமா என்பது கேட்கிற குரலைப் பொறுத்தது.

ஓர் ஊராட்சிக்கு இது எப்படி இருக்கும்? தொகை சிறியது, ஐந்தாண்டுக்கு ஒரு தலைவர் மாறுவார். வங்கியில் வைப்புத் தொகை போட்டாலும் விலைவாசி அதைத் தின்றுவிடும். எனவே நார்வேயின் நிதியை விட நார்வேயின் கெடுபிடிதான் நமக்குத் தேவை. அந்தக் கெடுபிடி நமக்குப் புதிதுமல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டுப் பராந்தகச் சோழன் காலத்தது, ஏரி வாரியத்தையும் பொன் வாரியத்தையும் தனித்தனியே வைக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியற்றவர்கள். கணக்குக் காட்டாதவனின் மைத்துனனும் நிற்க முடியாது என்ற இந்த ஒரு விதியை நம் ஊரில் இன்றைக்கு அமல்படுத்தினால் பாதி இடங்களுக்குப் போட்டியிட ஆளே கிடைக்காது. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; நானும் இந்த ஊருக்கு மைத்துனன் முறைதானே.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைப் போல ஆளுக்கு ஒரு தொகை என்று பிரித்துக் கொடுக்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எண்ணெய்ப் பணத்தில் 1976இல் நிதி வைத்து, 1982 முதல் ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் அங்கே ஆண்டுக்கொரு காசோலை போகிறது. ஊராட்சிக்கு அப்படிப் பிரித்துக் கொடுக்க அதிகாரமில்லை. இருந்தாலும் ஒரு குவாரியின் பங்கை ஊர் முழுக்கப் பிரித்தால் தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு வேட்டி தேறும்.

உள்ளூரிலேயே அறுத்து மெருகேற்றுவது

படித்தவர்கள் எல்லோருக்கும் பிடித்த வழி இது. கல்லாக விற்காதே, பலகையாக்கி வில்; தோலாக விற்காதே, செருப்பாக்கி வில். வேலை உள்ளூரில் நிற்கும், கைத்திறன் வளரும்.

போட்ஸ்வானா இதைச் செய்த நாடு. 1966இல் விடுதலை அடைந்தபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அந்த இடம் முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம். அவர் அங்கேயே சண்டையை முடித்துவைத்தார்: கனிம உரிமை இனக்குழுவுக்கு இல்லை, நாட்டுக்கு என்று சட்டம் கொண்டுவந்தார். வைர நிறுவனத்தில் அரசுக்குப் பாதிப் பங்கு வாங்கினார்கள். 1994இல் சேமிப்பு நிதி வைத்தார்கள். லண்டனில் நடந்துவந்த வைர விற்பனையையே 2013இல் தலைநகர் கேபரோனுக்கு இழுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தையை நிறைத்ததும் 2024இல் அந்நாட்டுப் பொருளாதாரம் சுருங்கியது. நன்றாக ஆண்டவர்களுக்கும் ஒரே சரக்கை நம்பியதற்கான விலை உண்டு. இந்தோனேசியா 2020 தொடக்கத்தில் நிக்கல் தாதுவைத் தாதுவாகவே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது, உருக்காலைகள் குவிந்தன.

இந்த ஞானம் வேலூர்க்காரர்களுக்குப் பழைய செய்தி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது இங்கே பல தலைமுறைத் தொழில். பதனிட்ட தோல் அரைகுறைச் சரக்காகக் கப்பலேறும். லாபம் பார்த்தது அதைச் செருப்பாக்கிய ஐரோப்பியன். மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், அரைகுறைப் பதனத் தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் வந்தன. அதன் பிறகுதான் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரம் முழுமையான தோலுக்கும் காலணிக்கும் தாவியது. இன்றைக்கு ஆம்பூரில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நெடுஞ்சாலையோரம் நின்றால், கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் பெண்களின் வரிசை முடிவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். உள்ளூர்த் தோல் போதாதபோது வெளிநாட்டிலிருந்தே தோலை வரவழைத்துத் தைக்கிறார்கள். வளம் தீர்ந்தாலும் கைத்திறன் நிற்கிறது. தங்கவயலுக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அந்தக் கழிவுநீர் சேர்ந்து தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்க நம் ஊர்ப் பெயரைப் படிக்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பெழுதி, தன் கண்காணிப்பைத் தொடர வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்தது.

என் தாய்மாமன் தோப்பு வாணியம்பாடிக்குப் பக்கத்தில். முன்பு அங்கே இளநீர் இனிக்கும். பிறகு தென்னை மட்டை நுனியிலிருந்து கருகத் தொடங்கியது; காய் சிறுத்தது. கிணற்று நீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. மாமா வீட்டில் சமையலுக்கு இன்றும் கேன் தண்ணீர்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. ஒவ்வொரு வளத்தையும் எடுக்கும்போது வேறொரு வளம் சத்தமில்லாமல் செலவாகிறது. தோலை எடுத்தோம், ஆறு செலவானது. தங்கத்தை எடுத்தார்கள், நுரையீரல் செலவானது. பணக்கார நெதர்லாந்தில்கூட எரிவாயுவை உறிஞ்சிய குரோனிங்கனில் நிலம் அதிர்ந்து வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2023 அக்டோபரில் எரிவாயு எடுப்பதையே நிறுத்தினார்கள், இத்தனைக்கும் கீழே இன்னும் வாயு இருக்கிறது. நாடுகள் எழுந்ததும் விழுந்ததும் முதல் வளத்தின் அளவை வைத்து அல்ல என்பது என் கட்சி. அந்த இரண்டாவது வளத்தைப் பேரேட்டில் எழுதியவர்கள் தப்பினார்கள். எழுதாதவர்கள் பிள்ளைகள் தலையில் கட்டினார்கள்.

நம் குன்றுக்கு அந்த இரண்டாவது வளம் தண்ணீர். வேலூர் மாவட்டம் கடினப் பாறை நிலம். தண்ணீர் இங்கே மணலாற்றுப் படுகையைத் தவிர்த்தால் பாறையின் வெடிப்புகளிலும் உளுத்த மேல்பாறையிலும்தான் தங்கும். குவாரிப் பள்ளம் சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், கிணற்று ஊற்று அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓடும். பள்ளத்தில் வேலை நடக்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டாக வேண்டும். அறுத்து மெருகேற்றும் பட்டறை வைத்தால் ரம்பத்துக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். வெளியே வருவது சுண்ணாம்பு போன்ற கல்குழம்பு. அதை ஏரியில் விட்டால் ஏரியின் அடி சிமெண்ட் பூசியது போல இறுகி, நீர் ஊறுவது நின்றுவிடும். ஜல்லி உடைக்கும் கிரஷரில் மெருகும் இல்லை, கைத்திறனும் இல்லை. தூசிதான் மிச்சம். ஆம்பூருக்குக் கிடைத்த நன்மை கிரஷரால் வராது.

விட்டுவைப்பது

ஈக்வடாரில் யாசுனி காட்டுக்கடியில் எண்ணெய் இருக்கிறது. 2007இல் அந்நாட்டு அதிபர் உலகத்திடம் ஒரு பேரம் பேசினார்: எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், இழப்பில் பாதியாக 360 கோடி டாலர் கொடுங்கள். வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். 2013இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்; 2016இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் மக்களே வாக்களித்து, ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். விட்டுவைப்பதற்கு வெளியார் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது இதில் தெரிகிறது. விட்டுவைப்பது உள்ளூருக்கே ஆதாயமாக இருந்தால்தான் நிற்கும்.

காவல் இல்லாமல் விட்டால் என்னாகும் என்பதை ஜவ்வாது மலைச் சந்தனம் சொல்லும். திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கு ஒரு காலத்தில் பேர்போனது. பட்டா நிலத்தில் முளைத்த சந்தனத்தைக்கூட நிலக்காரர் தன் இஷ்டப்படி வெட்டி விற்க முடியாத கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. தனக்கு ஆதாயமில்லாத மரத்தை எவன் காப்பான்? நாற்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. மலையில் இருந்ததைக் கடத்தல்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னால் விலை ஏறும், அப்போது விற்கலாம் என்று விடுவதும் சூதாட்டம்தான். சிலி நாடு நைட்ரேட் உப்பில் கொழித்தது. அந்தப் பாலைவனத்துக்காக 1879இல் போரே மூண்டது. 1913இல் ஜெர்மானியர்கள் காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் ஆலையைத் திறந்தார்கள். அடுத்த தலைமுறையில் நைட்ரேட் நகரங்கள் ஆளில்லாமல் கிடந்தன. கல்லுக்கு அந்த அபாயம் இப்போதைக்கு இல்லை. ஆற்று மணலுக்கு மாற்றாக, பாறையைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட் வந்த பிறகு பாறைக்குக் கிராக்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. காத்திருப்பதால் ஊருக்கு நட்டமில்லை. அவசரம் வாங்குகிறவருக்குத்தான்.

நம் குன்றை விட்டுவைப்பதில் உடனடி ஆதாயமும் உண்டு. மேற்குச் சரிவில் பெய்யும் மழை ஓடையாகி, வரத்துக்கால்வாய் வழியாக ஏரிக்கு வருகிறது. பாறைச் சரிவில் விழும் நீர் உறிஞ்சப்படாமல் அப்படியே ஏரிக்கு ஓடிவரும். அந்தக் குன்று இப்போதே ஊருக்காக உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கூலி கேட்காததால் நமக்குத் தெரியவில்லை.

என் பரிந்துரை

மேற்குச் சரிவை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. புறம்போக்காக இருப்பதால் நாளைக்கு யாராவது ஏலத்துக்குக் கேட்பார்கள். இப்போதே, "இது ஏரியின் நீர்வரத்துப் பகுதி" என்று கிராம சபைத் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

கிழக்குச் சரிவைப் பொறுத்தவரை, எனக்கிருக்கும் ஒரே தயக்கம் மனிதத் தயக்கம். பட்டாக்காரர்களில் ஒருவருக்கு இரண்டு பெண்கள், தலைமேல் நகைக்கடன். அவரிடம் போய் நவ்ருவின் கதையைச் சொல்வது கொடுமை. அவர் நிலம், அவர் தேவை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற மாநில விதியை அளந்து பார்த்தால் கிழக்குச் சரிவில் பாதி தானாகவே அடிபட்டுவிடும். சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து சிறு குவாரிக்கும் விலக்கில்லை. மிச்சமுள்ள இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே மட்டும், கிரஷர் இல்லாமல், கல்லாக வெட்டி எடுப்பதற்கு ஊர் குறுக்கே நிற்க வேண்டாம் என்பது என் எண்ணம். என் மைத்துனருக்கு இதில் உடன்பாடில்லை. "ஒரு அடி விட்டால் ஒன்பது அடி போவார்கள்" என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கல் ஏற்றிப் போக அனுமதிக்கும் நடைச்சீட்டு ஒன்றுக்கு லாரி மூன்று போகும் கதை இந்தப் பக்கம் பழகிய கதை.

ஊராட்சிக்கு வரும் பங்கைச் சேமிக்கவும் வேண்டாம், செலவழிக்கவும் வேண்டாம், மாற்றலாம். தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் ஆதாயம் முழுவதையும் தீராத சொத்தாக மாற்றினால் அடுத்த தலைமுறை ஏழையாகாது என்று ஜான் ஹார்ட்விக் என்ற பொருளாதார அறிஞர் 1977இல் ஒரு விதியாகவே எழுதினார். நம் ஊரில் தீராத சொத்து என்றால் ஏரி. அதன் வரத்துக்கால்வாய் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது, மதகுப் பலகை உளுத்துக் கிடக்கிறது, கலங்கல் ஓரம் இடிந்திருக்கிறது. கல் காசு வரும் ஒவ்வோர் ஆண்டும் இவற்றுக்கே போக வேண்டும், வேறெதற்கும் கூடாது. நாகநதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறுநாள் வேலையில் செறிவூட்டுக் கிணறுகள் இறக்கியது இதே வேலூர் மாவட்டத்தில்தான். ஓடையில் அதைச் செய்ய நமக்கும் தடையில்லை. கணக்கை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆறு முறையும் வாசிக்கட்டும்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குன்றைச் சுற்றியுள்ள கிணறுகள் ஒவ்வொன்றிலும் இந்த வைகாசியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து, கிணற்றுக்காரர் கையெழுத்தோடு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். முதல் வெடி வைத்த பிறகு அளந்தால், "உங்கள் கிணறு முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடுவார்கள். கயிறும் ஒரு கல்லும் இருந்தால் போதும். அளக்க வருவதாக மைத்துனர் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.